சிந்தாங்: ஓர் இமயமலை மொழியும் அதன் வழக்குகளும்



இச்சொற்பொழிவு வரிசையில் பெரும்பாலும் தமிழைப் பற்றியே பேசியும் கேட்டும் வந்திருக்கிறோம். இன்று நாம் எடுத்துக்கொண்டது தமிழன்று. கிழக்கு நேபாளத்தின் மலைச்சரிவில் சில ஆயிரம் பேர் மட்டும் பேசும் சிந்தாங் என்னும் மொழி. இம்மொழியைப் பேச வல்லவர் அல்லோம். அங்கே ஆண்டுக்கணக்கில் களப்பணி செய்தோரின் இலக்கணங்களையும் ஒலிப்பதிவுகளையும் துணையாகக் கொண்டே பேசுகிறோம்.

சிறுபான்மை மொழி ஒன்றைப் பற்றி எவரும் முதலில் கேட்பது, "அதனைப் பேசுவோர் எத்தனை பேர்?" என்பதே. அக்கேள்வி வேண்டுவதுதான், ஆயினும் அது போதாது. "அம்மொழியை எந்தெந்தச் சூழலில் பேசுகிறார்கள்?" என்பது இரண்டாம் கேள்வி. முதற்கேள்விக்கான விடை மாறாதிருக்கும்போதே இரண்டாம் கேள்விக்கான விடை ஒரு தலைமுறைக்குள் சுருங்கிப்போகக் கூடும். சிந்தாங்கின் வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டுகிறது.

வழக்கு என்பது யாது?

ஒரே மொழியைப் பேசுவோர் ஒரே பொருளை இடத்துக்கும் ஆளுக்கும் ஏற்ப வெவ்வேறு வகையாகச் சொல்வர். தமிழாசிரியர்க்கு இது புதிதன்று. நன்னூலார் இயல்பு வழக்கையும் தகுதி வழக்கையும் பிரித்து, தகுதி வழக்கில் இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றனை வைத்தார். மலாய் மொழியில் இதற்கு நாம் நன்கறிந்த சான்று உண்டு. எளியவர் உண்பதற்கு 'மாக்கான்' என்றும், அரசர் உண்பதற்கு 'சந்தாப்' என்றும் சொல்லுவர். எளியவர் உறங்குவது 'தீடோர்'. அரசர் உறங்குவது 'பெராடு'.

அரண்மனை வழக்கில் இன்னுமொரு செய்தி அடங்கியுள்ளது. சுல்தானின் பட்டப்பெயரில் வரும் 'துலி' என்னும் சொல், தூசியைக் குறிக்கும் 'தூளி' என்ற வடசொல்லே; அரசரின் திருவடித் தூசி என்பது அதன் பழம்பொருள். அதே பட்டத்தில் வரும் 'மஹா' என்பதும் வடசொல். மலாய் மொழியின் மிக உயர்ந்த வழக்கில் பிறமொழிச் சொற்கள் வீற்றிருக்கின்றன. எனினும் அவ்வழக்கை எவரும் மலாய் அன்று எனச் சொல்லார். இதனை நினைவிற்கொண்டு மலைநாட்டுக்குச் செல்வோம்.

இடமும் இனமும்

சிந்தாங், நேபாளத்தின் தன்குட்டா மாவட்டத்தில் உள்ள மலையூர். மொழிக்கும் ஊர்ப்பெயரே பெயராயிற்று. இது கிராந்தி எனப்படும் மொழிக்குழுவைச் சேர்ந்தது. அக்குழு திபெத்திய-பர்மியக் குடும்பத்தின் ஒரு கிளை. ஏறத்தாழ 30 கிராந்தி மொழிகள் அருகருகே பள்ளத்தாக்குகளில் வழங்குகின்றன. பாந்தவா அவற்றுள் பெரியவற்றுள் ஒன்று. சாம்லிங், குலுங், துலுங், லிம்பு முதலியன ஏனையவை. இவற்றைப் பேசுவோருள் பெரும்பாலோர் ராய் எனப்படுவர். கிராதர் என்னும் பெயரை அருச்சுனன் தவக்கதையில் வேடவடிவில் வந்த சிவனோடு சேர்த்துத் தமிழரும் அறிவர். கிராந்தி மக்கள் அப்பழம்பெயரைத் தமக்குரியதாகவே கொள்கின்றனர்.

அன்றாடச் சிந்தாங்கின் இலக்கணத்தில் மூன்று கூறுகளை மட்டும் சுட்டுவோம்.

முதலாவது, 'நாம்', 'நாங்கள்' என்னும் வேறுபாடு. கேட்போரை உளப்படுத்துவதும் விலக்குவதுமாகிய இவ்வேறுபாடு தமிழில் உள்ளதுபோல் சிந்தாங்கிலும் உண்டு. அதற்கு மேலும், இருவரைக் குறிக்கும் இருமை எண்ணும் அங்கே தனியே உண்டு. நீயும் நானும், நானும் அவனும், நாம் எல்லோரும், உம்மை நீக்கிய நாங்கள் என நான்கு வேறுபாடுகளைச் சிந்தாங் வினை தன் உறுப்புகளாலேயே உணர்த்திவிடும்.

இரண்டாவது, முன்னொட்டுகளின் வரிசை. 'அவர்கள் எங்களைப் பார்க்கவில்லை' என்பதைச் சொல்ல, வினையடிக்கு முன்னே செய்வோரைக் குறிக்கும் 'உ', செயப்படுவோரைக் குறிக்கும் 'க', எதிர்மறைக்குரிய 'ம' என மூன்று முன்னொட்டுகள் வருகின்றன. இம்மூன்றும் எவ்வரிசையிலும் நிற்கலாம். ஆறு வரிசைகளும் சரியே, பொருளும் மாறாது. 2007இல் பல்தசார் பிக்கலும் அவருடன் பணியாற்றியோரும் இதனை வெளியிட்டபோது மொழியியலார் வியப்புற்றனர். ஒரு சொல்லுக்குள் உறுப்புகளின் வரிசை உறுதியானது என்பது அதுவரை ஏறக்குறைய விதியாகவே கொள்ளப்பட்டிருந்தது. நாம் அக்கட்டுரையை வகுப்பில் கொடுத்தபோதெல்லாம் மாணவர்கள் அச்சுப்பிழை என்றே முதலில் கருதினர்.

மூன்றாவது, மேடு பள்ளம். தமிழில் அ, இ, உ என மூன்று சுட்டுகளைத் தொல்காப்பியர் காட்டுவார். உகரச் சுட்டு இன்றும் யாழ்ப்பாண வழக்கில் வாழ்கிறது. கிராந்தி மொழிகளின் சுட்டு, அண்மை சேய்மையோடு நில்லாது மேலே, கீழே, எதிரே ஒத்த உயரத்தில் என மலைச்சரிவையும் அளக்கிறது. இவ்வேறுபாடு சுட்டுப்பெயரில் தொடங்கி வேற்றுமை உருபுவரை ஊடுருவி நிற்கிறது.

மூதாதையர் பேச்சு

இவை அன்றாட வழக்கு. கிராந்தி மக்களிடம் இதனின் வேறான மற்றொரு வழக்கும் உண்டு. உலகத் தோற்றம், குலங்களின் வருகை, நெல்லும் தினையும் வந்த கதை, வீடு கட்டும் முறை ஆகிய அனைத்தையும் தன்னுள் அடக்கிய வாய்மொழி மரபை முந்தும் என அழைப்பர். ஊருக்கேற்ப இப்பெயரின் ஒலிப்பு சிறிது மாறும். முந்தும் ஓதப்படும் மொழி அன்றாடப் பேச்சினின்றும் விலகியது. அன்றாட மொழியை நன்கு பேசும் இளைஞர்க்கும் அதன் பெரும்பகுதி விளங்காது.

இவ்வழக்கின் முதன்மையான அடையாளம் இணைப்பெயர். ஒரு பொருளுக்கு ஒரு பெயர் போதாது. இரண்டு பெயர்கள் இணைந்தே வரவேண்டும். முதற்சொல் பொருளைத் தரும். இரண்டாவது அதன் ஒத்தபொருட் சொல்லாகவோ, எதிரொலியாகவோ, வேறெங்கும் வழங்காத பழஞ்சொல்லாகவோ இருக்கும். நம் பேச்சில் 'காடு கரை', 'அக்கம் பக்கம்' என்று சொல்வதை எண்ணிப் பார்க்கலாம். நமக்கு இணைமொழி அங்குமிங்கும் வருவது. முந்துமில் அதுவே நடை. வினைச்சொற்கள் பெரும்பாலும் எளியனவாகவே நிற்க, பெயர்கள் இவ்வாறு இரட்டித்து உயர்கின்றன.

இணையின் ஓர் உறுப்பு எங்கிருந்து வருகிறது என்பதே நமக்கு முதன்மையான செய்தி. 1970களில் துலுங் மொழியின் வழிபாட்டு வழக்கை ஆராய்ந்த நிக் ஆலன், அதிலே சேவை, பூசை, விண்ணப்பம் என்னும் பொருளுடைய நேபாளிச் சொற்கள் அமைந்திருப்பதைக் காட்டினார். விண்ணப்பத்தைக் குறிக்கும் நேபாளிச் சொல் 'பிந்தி'. அதுவும் நம் 'விண்ணப்பம்' என்னும் சொல்லும் ஒரே வடமொழி வேரில் தோன்றியவை. 2005இல் வெளிவந்த ஆய்வொன்றில் மார்ட்டின் கென்சிலும் பிக்கலும் பிறரும் சிந்தாங்கில் ராஜ்தேவு என்னும் தெய்வத்தை அழைக்கும் வழிபாட்டுரையை ஆராய்ந்தனர். அவ்வுரையில் அண்டை மொழியாகிய பாந்தவாவின் கூறுகள் கலந்திருந்தன. தெய்வத்தின் பெயரிலேயே 'ராஜா' என்ற வடசொல் நிற்கிறது.

மூதாதையர் மொழி என்றதும், கலப்பற்ற தூய பழமொழி ஒன்று பேழைக்குள் இருப்பதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் அண்டை மொழிகளிலிருந்தும் ஆள்வோர் மொழியிலிருந்தும் வந்த சொற்களை வாங்கி, தன் இணைப்பெயர் நடைக்குள் இருத்தி, தன்னுடையதாக்கிக்கொண்ட ஆற்றலே அங்குள்ள பழமை. சொற்கள் புதியனவாயிருக்கலாம், அவற்றைக் கோக்கும் முறை பழையது.

இவ்வழக்குக்கு உரியவர் பலர். வழிபாடு செய்வோர், நோய் தீர்க்கும் சாமியாடிகள், திருமணப் பேச்சை நடத்தும் பெரியோர் ஆகியோர்க்குத் தனித்தனிப் பகுதிகள் உண்டு. அருண் ஆற்றின் மேற்பகுதியில் வாழும் மேவாஹாங் ராய்களைப் பற்றிய தம் நூலில் கென்சில் ஒன்றை வலியுறுத்துகிறார். ஓதுபவர் தம்மை அவ்வுரையின் ஆசிரியராகக் கருதுவதில்லை. அது மூதாதையரின் குரல், தாம் அதற்கு வாய் மட்டுமே என்பது அவர்கள் கொள்கை. அவ்வறிவு கனவின்வழியும் மூதாதையர் அருளின்வழியும் வந்து சேர்வது என நம்புகின்றனர். பள்ளிக்கூடத்தில் கற்பிக்க இயலுமா என்னும் கேள்வி எழும்போது இந்நம்பிக்கை பெருஞ்சிக்கலாகிறது.

ஓதுதலின் பெரும்பகுதி ஒரு பயணம். ஓதுபவர் இருந்த இடத்திலிருந்தே ஊர், ஆறு, கணவாய், பாறை என ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி மூதாதையர் வந்த வழியே செல்கிறார். அவர் புறப்படும் இடம் வீட்டின் அடுப்பு. அடுப்பின் மூன்று கற்களைப் பாந்தவாவில் சுப்துலுங் என்பர்; 'லுங்' என்றால் கல். மலையடியில் ஆறுகள் கூடுமிடத்தை அடுத்து நீரில் நிற்கும் பாறைக்குக் குவாலுங் என்று பெயர். மூதாதையர் சமவெளியிலிருந்து மலையேறிய வாயிலாக அதனைக் கிராந்தி மக்கள் போற்றுவர். 2021இல் நீர்வழிப் போக்குவரத்துக்காக அப்பாறையை அகற்றலாம் என்னும் பொருள்பட அன்றைய நேபாளப் பிரதமர் பேசியபோது கிராந்தி அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. அவர்கள் காத்து நின்றது கல்லை மட்டுமன்று. தம் வழிபாட்டுரையில் வரும் ஓர் ஊன்றிடத்தையும்தான்.

வரலாற்றில் சிந்தாங்

1770களில் பிருத்வி நாராயண் ஷாவின் கோர்க்காப் படை கிழக்குக் கிராத நாடுகளை வென்றது. வென்ற அரசு ஊர்த்தலைவர்களுக்கு அளித்த பட்டமே 'ராய்'. பின்னர் அது மக்கள் அனைவர்க்கும் பெயராயிற்று. கிபட் எனப்படும் குலப்பொதுநில உரிமை நெடுங்காலம் தொடர்ந்து, படிப்படியாகக் குறைந்து, 1960களின் நிலச்சட்டங்களோடு முடிவுற்றது. நிலம் குலத்துக்கு உரியதாயிருந்தவரை, குலம் எவ்வழியே வந்து எங்கே குடியேறியது என ஓதும் முந்தும் வழிபாட்டுரை மட்டுமன்று. நில உரிமையின் வரலாறும் அதுவே. நிலம் போனபின் அவ்வோதலுக்கிருந்த உலகியற்பயன் ஒன்று போயிற்று.

இனி எழுத்துப் பதிவு. காத்மாண்டில் பிரித்தானியப் பிரதிநிதியாயிருந்து, பின் டார்ஜிலிங்கில் வாழ்ந்த பிரயன் ஹாட்ஜ்சன், 1850களின் பிற்பகுதியில் கிராந்தி மொழிகளின் ஒப்பீட்டுச் சொற்பட்டியலை வெளியிட்டார். அதிலே சிந்தாங்கும் ஒரு பத்தியாக இடம்பெற்றது. இதே ஹாட்ஜ்சன் 1847இல் வெளியிட்ட நூலில் இந்தியாவின் ஆரியரல்லாத பழங்குடிகள் அனைவரையும் 'தமுலியர்' என்னும் ஒரே பெயரால் அழைத்தார் என்பது நமக்குச் சுவையான செய்தி. 1856இல் கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவந்து திராவிடக் குடும்பத்தைத் தனியே வரையறுத்தது. இமயமலை மொழிகள் வேறொரு குடும்பம் என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. 'நாம், நாங்கள்' போன்ற ஒற்றுமைகள் உறவுக்குச் சான்றாகா. தொடர்பற்ற மொழிகளிலும் அவை தோன்றும்.

கிரியர்சன் தலைமையில் நடந்த இந்திய மொழி அளவாய்வு நேபாளத்துக்குள் செல்லவில்லை. எனவே 1909இல் வெளிவந்த அதன் இமயமலைப் பகுதி, இம்மொழிகளுக்கு ஹாட்ஜ்சனின் பழைய பட்டியலையே நம்பியது. அரை நூற்றாண்டுக்குப் பின்னும் சிந்தாங் என்பது அறிஞர் உலகில் அதே சொற்பட்டியல்தான். அச்சொற்கள் எச்சூழலில், யாரால், யாரிடம் பேசப்பட்டன என்பது அப்பட்டியலில் இல்லை.

இக்காலத்தில் கிழக்கு நேபாள இளைஞர் பலர் படைக்குச் சென்றனர். 7ஆம், 10ஆம் கூர்க்காப் படைப்பிரிவுகளில் ராய், லிம்பு இளைஞர்களே மிகுதி. மலாயாவின் அவசரகாலத்தில் இங்குள்ள காடுகளில் பணியாற்றியோருள் அவர்களும் இருந்தனர். சிங்கப்பூர்க் காவல்துறையின் கூர்க்காப் பிரிவு 1949இல் தொடங்கியது. முப்பது மொழிகளிலிருந்து வந்தோர் கூடிய படைவீட்டின் பொதுமொழி நேபாளி. பணிமுடித்து ஊர் திரும்பியவர் ஓய்வூதியத்தோடு நேபாளியையும் மதிப்புக்குரிய மொழியாக எடுத்துச் சென்றார். நம் தெருக்களில் நாம் கண்ட அவ்வீரர்கள் எல்லோரும் 'நேபாளி பேசுவோர்' என்றே எண்ணினோம். அவர்தம் வீட்டில் வேறொரு மொழியும் அம்மொழிக்குள் பல வழக்குகளும் இருக்கக்கூடும் என நாம் கேட்டதில்லை.

பஞ்சாயத்து ஆட்சிக்காலத்தில் ஒரே மொழி, ஒரே உடை, ஒரே நாடு என்னும் முழக்கத்தோடு பள்ளிகள் நேபாளிக்கு உரியவையாயின. குடிமதிப்பும் ராய் மொழிகள் அனைத்தையும் ஒரே பெயரில் அடக்கியது. 1980களின் முற்பகுதியில் ஜெர்மானிய அறிஞர் வெர்னர் வின்டர் வழிநடத்திய நேபாள மொழி அளவாய்வு அம்மொழிகளைத் தனித்தனியே அடையாளங்கண்டது. 1990ஆம் ஆண்டின் அரசமைப்பு தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு இடமளித்தது. 2001 குடிமதிப்பில் ராய் மொழிகள் முதன்முறையாகப் பிரித்து எண்ணப்பட்டன. அப்போது சிந்தாங் எனச் சொன்னோர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. 2011இல் அவ்வெண் மூவாயிரத்தைத் தாண்டியது. பத்தாண்டில் அத்தனை பேர் புதிதாகப் பேசத் தொடங்கவில்லை. மொழிக்கு ஒரு பெயர் உண்டென்பதும் அதனைச் சொல்லலாம் என்பதும் மக்களுக்குத் தெரியவந்தது.

குழந்தைகளும் முதியோரும்

2004இல் ஜெர்மானிய அறிஞரும் நேபாள அறிஞரும் இணைந்து சிந்தாங், பூமா ஆகிய இரு மொழிகளையும் ஆவணப்படுத்தும் பணியைத் தொடங்கினர். பாந்தவா இலக்கணத்தைப் புனேயில் முனைவர் பட்டத்துக்காக ஆராய்ந்த நோவல் கிஷோர் ராய் அப்பணியின் தூண்களுள் ஒருவர். வழக்கமாக அழியும் மொழிகளைப் பதிவுசெய்வோர் முதியோரையே நாடுவர். இவர்களோ ஆறு குழந்தைகளையும் மாதந்தோறும் ஒலி, ஒளிப்பதிவு செய்தனர். ஒரு வினையடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட வடிவங்களுடைய மொழியைக் குழந்தை எவ்வாறு கற்கிறது என்பது அப்பதிவுகளால் விளங்கியது. முற்றத்திலும் வயலோரத்திலும் பிறரோடு விளையாடிப் பேசியே கற்கிறது. வீட்டில் நேபாளிச் சொற்கள் கலந்தபோதும் அக்குழந்தைகள் சிந்தாங் பேசி வளர்ந்தனர். இது நற்செய்தி.

ஆனால் முற்றத்தில் கிடைக்கும் வழக்கு ஒன்று. வழிபாட்டில் கிடைக்கும் வழக்கு மற்றொன்று. அன்றாடச் சிந்தாங்கைக் குழந்தை கேட்டே கற்கிறது. முந்தும் வழக்கோ, இளமை கடந்தபின் இரவிரவாக நடக்கும் சடங்குகளில் முதியோர் அருகில் அமர்ந்து, பல ஆண்டுகள் கேட்டுக் கைவரவேண்டியது. அவ்வயதில் இளைஞர் வளைகுடா நாடுகளிலும் மலேசியாவிலும் வேலையில் இருக்கின்றனர். மொழி பேசுவோர் எண்ணிக்கை குறையாமலே அதன் உயர்வழக்கு ஆளின்றி நிற்பது இவ்வாறுதான்.

1990களுக்குப் பின் வந்த தாய்மொழிப் பாடநூல்கள் பெரிய கிராந்தி மொழிகளுக்கு ஓரளவு துணை செய்தன. எனினும் பாடநூல் அன்றாட வழக்கையே ஏற்கும். கிராத ராய் யாயொக்கா போன்ற அமைப்புகள் பண்பாட்டை நகரத்துக்குக் கொண்டுவந்தன. உபௌலி, உதௌலி என ஏறுபருவத்திலும் இறங்குபருவத்திலும் வரும் விழாக்களில் காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கானோர் சாகேலா ஆடுகின்றனர். ஆட்டம் நகருக்கு எளிதில் வந்துவிட்டது. அவ்விழாவின் ஓதல், குறிப்பிட்ட அடுப்பையும் குறிப்பிட்ட மலைவழியையும் சார்ந்தது. அது அவ்வளவு எளிதில் வரவில்லை. எழுதிப் பொதுமைப்படுத்தினால் எல்லோர்க்கும் கிட்டும், ஆனால் ஒவ்வோர் ஊரின் வழியும் தனித்தன்மையை இழக்கும். எழுதாது விட்டால் ஊரின் முந்தும் ஊரோடு இருக்கும், ஆனால் ஓதுபவரோடு மறையும். இவற்றுள் எதனைத் தேர்வதென்பது அம்மக்களின் உரிமை.

நிறைவாக

நாம் செய்த பிழையொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இளமையில் ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பேச்சுத்தமிழைத் திரட்டியபோது, கோயில் பூசாரி குறிசொல்லும் பேச்சைக் கேட்டோம். வடசொல்லும் மலாய்ச் சொல்லும் விரவி, இரண்டிரண்டு சொல்லாய் அடுக்கிவந்த அப்பேச்சைக் 'கலப்பு மொழி. ஆய்வுக்குரியதன்று' எனக் குறிப்பேட்டில் எழுதி, ஒலிநாடாவை நிறுத்தினோம். கிராந்தி வழிபாட்டு வழக்கைப் பற்றிப் படித்த பின்னரே நாம் எதனைத் தவறவிட்டோம் என்பது விளங்கியது. மீண்டும் சென்றபோது பூசாரி இல்லை, தோட்டமும் இல்லை.

ஆகவே ஆசிரியர்களிடம் நாம் வைக்கும் வேண்டுகோள் சிறிது. மாணவர் வீட்டுமொழியைப் பற்றிய படிவத்தில் 'என்ன மொழி பேசுகிறீர்கள்' என்ற கேள்விக்கு அடுத்து இன்னும் சிலவற்றைக் கேளுங்கள். பாட்டியிடம் எவ்வாறு பேசுவாய்? இழவு வீட்டில் பெரியவர் என்ன சொல்வார்? திருமணப் பேச்சை யார் தொடங்குவார், எச்சொல்லால்? சாமியிடம் எப்படி வேண்டுவாய்? மாணவர் விடையைத் தம் வீட்டில் கேட்டு எழுதி வரட்டும். அதில் வரும் சொல் எம்மொழியிலிருந்து வந்ததாயினும் அடித்துவிடாதீர்கள். அச்சொல் அங்கே என்ன பணி செய்கிறது என்பதைக் கேளுங்கள். விடை கிடைக்காத இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். அங்கேதான் ஒரு வழக்கு வழக்கொழிந்து வருகிறது.